திறந்த போத்தல் எத்தனை நாள் தாங்கும்?

நம் வீடுகளுக்கு ஒயின் பெரும்பாலும் நாமே தேடிப்போய் வாங்கி வருவதில்லை. யாராவது கொண்டு வருவார்கள். தீபாவளிக்கு அலுவலகத்தில் கொடுத்த அன்பளிப்புக் கூடையில் ஒன்று இருக்கும். வீடு குடிபுகும் விழாவுக்கு வந்த சக ஊழியர் ஒன்றைக் கையில் தருவார். கணவனும் மனைவியும் வேலைக்குப் போகும் வீடுகளில் வெள்ளிக்கிழமை இரவுச் சாப்பாட்டுக்கென்று பேரங்காடியில் ஒன்று வாங்குவதும் இப்போது பழகிவிட்டது.

சாப்பாடு முடியும்போது மேசையில் பாதிப் போத்தல் நிற்கும். அதை என்ன செய்வது? நான் பார்த்த வீடுகளில் மூன்று வழிகள்தான் உண்டு. ஒன்று, "வீணாகுமே" என்று அன்றிரவே குடித்து முடிப்பது. இரண்டு, தக்கையை அழுத்தி மூடி, பெரியவர்கள் கண்ணில் படாதபடி சமையலறை மேல் அலமாரியில் வைப்பது. மூன்று, தொட்டியில் கொட்டுவது. இரண்டாவது வழியில் போன போத்தலும் இரண்டு மாதம் கழித்து மூன்றாவது வழிக்குத்தான் வந்து சேர்கிறது.

மூன்றுமே தேவையில்லை. திறந்த ஒயினை ஒரு வாரம் வரை நல்ல நிலையில் வைக்கலாம். அதற்கு விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டாம். ஃபேரர் பார்க்கில் எங்கள் வீவக வீட்டுச் சமையலறையில் இதைச் சோதித்தே பார்த்தோம். முதலில் ஒயின் ஏன் கெடுகிறது என்பதைப் பார்த்துவிடலாம். காரணம் தெரிந்தால் வழி தானே புலப்படும்.

கள்ளும் இல்லை, விஸ்கியும் இல்லை

நம் தாத்தா காலத்திலிருந்து நமக்குத் தெரிந்த மதுவகைகள் இரண்டு. ஒன்று கள். சிங்கப்பூரின் கள்ளுக்கடைகள் 1970களின் இறுதியோடு மறைந்துவிட்டாலும், அதன் குணம் பெரியவர்களுக்கு நன்றாகத் தெரியும். கள்ளுக்கு ஆயுள் ஒரு பகல். பாளையிலிருந்து கலயத்தில் சொட்டும்போதே புளிக்கத் தொடங்கிவிடும். காலையில் இறக்கியது மாலைக்குள் கடுத்துவிடும். விட்டுவைத்தால் காடிக்குத்தான் ஆகும். புளிக்கவே கூடாது என்றால் கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவிவிட வேண்டும். அப்படி இறக்குவதுதான் பதநீர்.

மற்றொன்று விஸ்கி, பிராந்தி வகை. அதில் 40 விழுக்காடு மதுசாரம் இருக்கிறது. எந்தக் கிருமியும் அதில் பிழைக்காது. திறந்து ஓராண்டு அலமாரியில் இருந்தாலும் பெரிதாக ஒன்றும் ஆகிவிடாது.

ஒயின் இவை இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. அதில் மதுசாரம் 12 முதல் 14 விழுக்காடு. கள்ளைப்போல ஒரே நாளில் கெடுவதில்லை, விஸ்கியைப்போல ஆண்டுக்கணக்கில் நிற்பதும் இல்லை. நம் வீடுகளில் அதைக் கள்ளாக நினைப்பவர்கள் அன்றே முடிக்கிறார்கள். விஸ்கியாக நினைப்பவர்கள் அலமாரியில் வைத்து மறக்கிறார்கள். உண்மையில் அதன் குணம் தோசை மாவின் குணம். ஃபிரிட்ஜில் வைக்க வேண்டும், நாள் கணக்கு வைக்க வேண்டும், நாள் செல்லச் செல்லப் புளிப்பு ஏறும் என்று தெரிந்திருக்க வேண்டும். தோசை மாவைப் பராமரிக்கத் தெரிந்த வீட்டுக்கு ஒயினைப் பராமரிப்பது பெரிய வித்தையே இல்லை.

போத்தலுக்குள் நடப்பது

ஒயின் கெடுவதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. இரண்டுக்கும் காற்றில் உள்ள ஆக்சிஜன்தான் வேண்டும்.

முதலாவது, ஆக்சிஜன் நேரடியாக ஒயினில் வேலை செய்வது. நறுக்கி வைத்த வாழைக்காயும் ஆப்பிளும் கறுப்பதைப் பார்த்திருக்கிறோம். அதுபோன்ற மாற்றம் இங்கும் நடக்கிறது. பழ வாசனை மங்கும். மதுசாரத்தின் ஒரு பகுதி அசிட்டால்டிஹைடு என்ற பொருளாக மாறும். அதன் அடையாளம், அடிபட்டுக் கன்றிய ஆப்பிளின் வாசனை. வெள்ளை ஒயின் பழுப்பு ஏறும். சிவப்பு ஒயின் செங்கல் நிறத்துக்கு நகரும்.

இரண்டாவது, அசிட்டிக் அமில பாக்டீரியா. இது மதுசாரத்தைப் புளிக்காடியாக மாற்றும். 1863ல் பிரெஞ்சுப் பேரரசர் மூன்றாம் நெப்போலியன், ஒயின் ஏன் கெடுகிறது என்று கண்டறியும்படி விஞ்ஞானி லூயி பாஸ்டரைக் கேட்டுக்கொண்டார். பாஸ்டரின் நூல் 1866ல் வெளிவந்தது. ஒயினை இதமாகச் சூடாக்கிக் கிருமிகளை அடக்கும் வழியையும் அவர் அப்போது கண்டறிந்தார். இன்று பால் பாக்கெட்டில் 'பாஸ்டரைஸ்' என்று படிக்கிறோமே, அந்தச் சொல்லுக்கான வேலை ஒயினில்தான் தொடங்கியது. இந்தக் காடி பாக்டீரியா காற்று படும் மேற்பரப்பில் பாலேடுபோல மெல்லிய ஏடு கட்டி வாழும். காற்று இல்லாவிட்டால் அதற்குப் பிழைப்பு இல்லை.

ஒயின் தயாரிப்பவர்கள் இதைத் தடுக்கக் கந்தக டை ஆக்ஸைடைச் சிறிதளவு சேர்க்கிறார்கள். போத்தலின் பின்பக்கம் 'சல்ஃபைட் உள்ளது' என்று எழுதியிருப்பது அதைத்தான். மூடிய போத்தலுக்கு அது காவல். திறந்த பிறகு உள்ளே வரும் காற்றோடு போராடி அது தீர்ந்துபோகும்.

எவ்வளவு காற்று? ஒரு கணக்குப் போடுவோம். வழக்கமான போத்தல் 750 மில்லிலிட்டர். பாதி குடித்துவிட்டால் மீதி 375 மில்லிலிட்டர் இடத்தில் காற்று நிற்கிறது. அந்தக் காற்றில் ஏறத்தாழ 100 மில்லிகிராம் ஆக்சிஜன் இருக்கிறது. கீழே உள்ள ஒயினில் ஒரு சமயத்தில் கரையக்கூடியது 3 மில்லிகிராம்தான். கரைந்தது செலவாகச் செலவாக, மேலிருந்து அடுத்தது இறங்கும். முப்பது முறைக்கு மேல் நிரப்பும் அளவுக்கு மேலே கையிருப்பு இருக்கிறது. ஆக, தக்கையை எவ்வளவு இறுக்கமாக மூடினாலும் பயன் குறைவு. திருடனை உள்ளே வைத்துக் கதவைப் பூட்டிய கதைதான்.

'அறை வெப்பநிலை' யாருடைய அறை?

சிவப்பு ஒயினை அறை வெப்பநிலையில் வைக்க வேண்டும் என்று பலர் சொல்லக் கேட்டிருப்பீர்கள். அந்தப் பேச்சு பிறந்த இடம் ஐரோப்பா. அங்கே கல் சுவர் வீட்டில் அறை வெப்பநிலை என்பது 16, 18 டிகிரி. ஃபேரர் பார்க்கில் பகலில் 31, 32 டிகிரி. நள்ளிரவிலும் 25க்குக் கீழே போவது அரிது. அடுப்புக்கு மேலே உள்ள அலமாரியில் இன்னும் கூடும்.

வெப்பம் 10 டிகிரி உயர்ந்தால் வேதிமாற்றத்தின் வேகம் ஏறத்தாழ இரட்டிப்பாகும் என்பது பொதுக் கணக்கு. அதன்படி, 30 டிகிரியில் ஒரு நாளில் நடக்கும் கேடு, 4 டிகிரி ஃபிரிட்ஜில் நடக்க ஆறு நாள் ஆகும். காடி பாக்டீரியாவும் 25 முதல் 30 டிகிரியில் செழித்து வளரும். குளிரில் அநேகமாக உறங்கிவிடும்.

எனவே நம் ஊரில் வெள்ளையானாலும் சிவப்பானாலும் திறந்த ஒயினின் இடம் ஃபிரிட்ஜ்தான். சிவப்பு ஒயினைக் குளிர வைத்தால் கெட்டுவிடும் என்ற பயம் வேண்டாம். குடிப்பதற்கு இருபது நிமிடம் முன்னால் வெளியே எடுத்து வைத்தால் போதும். ஐரோப்பியர் முக்கால் மணி நேரம் காத்திருக்க வேண்டியதை நம் வெயில் இருபது நிமிடத்தில் முடித்துவிடும்.

எங்கள் வீட்டுச் சோதனை

இவையெல்லாம் ஏட்டுக் கணக்கு. நாக்கு என்ன சொல்கிறது என்று பார்க்க ஒரே வகை சிவப்பு ஒயின் இரண்டு போத்தல் வாங்கினோம். திருகுமூடி போட்ட, நடுத்தர விலை ஒயின். இரண்டையும் ஒரே நேரத்தில் திறந்து நான்கு சம பங்காகப் பிரித்தோம். ஒவ்வொன்றும் 375 மில்லிலிட்டர்.

முதல் பங்கு, பாதி நிரம்பிய பெரிய போத்தலில், மூடி போட்டு, சமையலறை அலமாரியில். இரண்டாவது, அதேபோல் பாதி போத்தலில், மூடி போட்டு, ஃபிரிட்ஜில். மூன்றாவது, பாதி போத்தலில், ரப்பர் அடைப்பான் வைத்துக் கைப்பம்பால் காற்றை இழுத்து, ஃபிரிட்ஜில். நான்காவது, 375 மில்லிலிட்டர் சின்னப் போத்தலில் கழுத்து வரை நிரப்பி, திருகுமூடி போட்டு, ஃபிரிட்ஜில்.

ஃபிரிட்ஜில் இடம் வாங்குவதுதான் கடினமாக இருந்தது. எங்களோடு இருக்கும் அத்தை, என் கணவரின் அம்மா, சுத்த சைவம். தயிரும் மாவும் சுவாமிக்கு வைத்த பாலும் இருக்கும் பெட்டி அது. "அது எதுக்கும்மா இங்க? வாசனை அடிக்காதா?" என்றார். "திருகுமூடி அத்தை, வாசனை வராது. கீழ்த்தட்டுல ஓரமா நிக்கட்டும்" என்றேன். சிறிது யோசித்துவிட்டு, மாவுப் பாத்திரங்களில் ஒட்டும் தாள்பட்டையை எடுத்துக் கொடுத்தார். "தேதி எழுதி ஒட்டு. எப்போ தொறந்ததுன்னு தெரியாத சாமான் எதுவும் என் ஃபிரிட்ஜில இருக்கக்கூடாது." இந்தக் கட்டுரையில் உள்ள ஆலோசனைகளிலேயே மிகப் பயனுள்ளது அதுதான் என்று இப்போதும் நினைக்கிறேன்.

மூன்றாம் நாள், ஐந்தாம் நாள், ஏழாம் நாள் என்று ஆளுக்கு ஒரு வாய் மட்டும் ருசி பார்த்தோம். எது எந்தப் போத்தல் என்று தெரியாதபடி கணவர் ஊற்றித் தருவார். நானும் அடுத்த வீட்டுத் தோழியும் சொல்வோம். மறுநாள் வரிசையை மாற்றி நான் ஊற்றுவேன்.

அலமாரியில் இருந்தது மூன்றாம் நாளே தனியாகத் தெரிந்தது. பழ வாசனை போய், கன்றிய ஆப்பிள் வாசனை வந்திருந்தது. ஐந்தாம் நாள் மூக்கில் காடி ஏறியது. அதோடு அதை விலக்கிவிட்டோம். ஃபிரிட்ஜில் பாதி போத்தலாக இருந்தது மூன்றாம் நாள் நன்றாகவே இருந்தது. ஐந்தாம் நாள் கொஞ்சம் சப்பென்று ஆனது. ஏழாம் நாள் குழம்புக்குத்தான் ஆகும் என்றாள் தோழி. பம்ப் போட்டதற்கும் போடாததற்கும் எங்கள் நாக்கில் பெரிய வேறுபாடு தெரியவில்லை. சின்னப் போத்தலில் நிரப்பியதோ ஏழாம் நாளும் அன்று திறந்ததற்குக் கிட்டத்தட்ட இணையாக இருந்தது.

ஒரு வீடு, ஒரு வகை ஒயின், மூன்று நாக்கு. இதை ஆய்வு என்று சொல்ல மாட்டேன். ஆனால் மேலே சொன்ன கணக்கோடு இது அப்படியே ஒத்துப்போகிறது. காற்று இருக்க இடமே இல்லாவிட்டால் கெடுவதற்கு வழியும் குறைவு.

கருவிகள் எவ்வளவு உதவும்?

கைப்பம்பு 1980களில் நெதர்லாந்திலிருந்து வந்து உலகெங்கும் பரவியது. விலை குறைவு, பயன்படுத்துவது எளிது. ஆனால் அது எல்லாக் காற்றையும் எடுப்பதில்லை. நான்கில் மூன்று பங்கை இழுத்ததாகவே வைத்துக்கொண்டாலும், பாதி போத்தலில் 25 மில்லிகிராம் ஆக்சிஜன் மிச்சம் இருக்கும். அடைப்பான் வழியாகக் காற்று மெல்ல மெல்ல உள்ளே திரும்பவும் செய்யும். வைத்திருப்பவர்கள் தாராளமாகப் பயன்படுத்தலாம். அதற்காகவே கடைக்கு ஓட வேண்டாம்.

ஆர்கான் வாயு அடைத்த சிறு உருளைகளும் கிடைக்கின்றன. ஆர்கான் காற்றைவிடக் கனமானது, எதனுடனும் வினைபுரியாதது. போத்தலுக்குள் பீய்ச்சினால் காற்றை வெளியே தள்ளி அந்த இடத்தைப் பிடித்துக்கொள்ளும். இதே வாயுவைப் பயன்படுத்தும் கொராவின் என்ற கருவி 2013ல் சந்தைக்கு வந்தது. அதை உருவாக்கிய அமெரிக்கர் கிரெக் லாம்ப்ரெக்ட் மருத்துவக் கருவிகள் வடிவமைப்பவர். மனைவி கர்ப்பமாக இருந்த காலத்தில், தனக்கு ஒரு கிளாஸ் மட்டும் போதும், போத்தலைத் திறக்காமலே அதை எடுக்க முடியுமா என்று யோசித்ததில் பிறந்தது அது. ஊசி தக்கையைத் துளைத்து உள்ளே போகும்; ஒயின் வெளியே வரும்; அதன் இடத்தை ஆர்கான் நிரப்பும்; ஊசியை எடுத்ததும் தக்கை தானாக மூடிக்கொள்ளும். விலையுயர்ந்த ஒயின்களை மாதக்கணக்கில் சிறிது சிறிதாகச் சுவைப்பவர்களுக்கு அது ஏற்றது. பேரங்காடியில் 25 வெள்ளிக்கு வாங்கும் போத்தலுக்கு அவ்வளவு ஏற்பாடு தேவையில்லை.

நுரைக்கும் ஒயினின் போத்தல் வாயில் வெள்ளி ஸ்பூனைத் தொங்கவிட்டால் நுரை அடங்காது என்று ஒரு நம்பிக்கை உண்டு. அமெரிக்காவின் ஸ்டான்ஃபர்ட் பல்கலைக்கழக வேதியியலாளர் ரிச்சர்ட் ஸேரும் உணவு அறிவியல் எழுத்தாளர் ஹரால்ட் மெக்கீயும் 1990களில் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். ஸ்பூனால் ஒரு பயனும் இல்லை. குளிரும், இறுக்கிப் பிடிக்கும் கொக்கி வைத்த மூடியும்தான் நுரையைக் காக்கும். இந்த வகைக்குக் கைப்பம்பைப் பயன்படுத்தவே கூடாது. காக்க வேண்டிய நுரையையே அது இழுத்துவிடும். சாதாரண தக்கையும் வேண்டாம், உள்ளழுத்தத்தில் தெறித்துவிடும்.

எது எத்தனை நாள்?

எல்லாமே ஃபிரிட்ஜில், நன்றாக மூடி, நிமிர்த்தி வைத்தால் என்ற கணக்கு இது. படுக்க வைத்தால் காற்று படும் பரப்பு கூடும்.

நுரைக்கும் ஒயின்: கொக்கி மூடியோடு 1 முதல் 3 நாள்.

வெள்ளை, ரோஜா நிற ஒயின்: 3 முதல் 5 நாள். புளிப்புத் தூக்கலான இளம் வெள்ளை ஒயின் ஒரு வாரம் வரை நிற்கும்.

சிவப்பு ஒயின்: 3 முதல் 5 நாள். இலேசான வகைகள் முன்னதாகவே களைத்துவிடும். துவர்ப்பு மிகுந்தவை சற்றுக் கூடுதலாகத் தாங்கும்.

கழுத்து வரை நிரப்பிய சின்னப் போத்தல்: ஒரு வாரமும் அதற்குச் சற்று மேலும்.

பெட்டி ஒயின்: 3 வாரத்துக்கு மேல். 1965ல் ஆஸ்திரேலியாவின் தாமஸ் ஆங்கோவ் கொண்டுவந்த முறை இது. உள்ளே இருக்கும் பை, ஒயின் குறையக் குறையச் சுருங்கும். காற்று நுழைய இடமே இராது.

போர்ட் போன்ற வலுவூட்டிய இனிப்பு ஒயின்: ஏறத்தாழ ஒரு மாதம்.

இந்தக் கடைசி வகையில் நம் வெப்பத்துக்கென்றே பிறந்ததுபோல ஒன்று உண்டு. போர்ச்சுகலின் மதேரா தீவு ஒயின். கப்பலில் வெப்ப மண்டலக் கடல்களைத் தாண்டி இந்தியாவரை போய்த் திரும்பிய பீப்பாய்கள், போவதற்கு முன்பிருந்ததைவிடச் சுவையாக இருந்ததைக் கண்டார்கள். பிறகு தீவிலேயே ஒயினை மாதக்கணக்கில் சூட்டில் வைத்துப் பக்குவப்படுத்தும் முறை வந்தது. வெப்பமும் காற்றும் செய்யக்கூடியதையெல்லாம் முன்பே செய்துவிட்டதால் இனிக் கெடுவதற்கு அதில் அதிகம் இல்லை. திறந்த மதேரா மாதக்கணக்கில் நிற்கும். எப்போதாவது ஒரு சிறு கிளாஸ் போதும் என்பவர்களுக்கு அது பொருத்தம்.

தினமும் கொஞ்சமாக எடுத்து, மிச்சத்தைக் காக்கும் வேலையைப் பன்னெடுங்காலமாகச் செய்து வருபவை கத்தோலிக்க ஆலயங்கள். 1888 முதல் ஓஃபிர் சாலையில் இருக்கும் லூர்து அன்னை ஆலயம் தமிழ்க் கத்தோலிக்கர்களுக்காக எழுந்தது. நம் வட்டாரத்திலிருந்து சிறிது தூரம்தான். பூசைக்கு ஒரு நாளில் தேவைப்படும் ஒயின் மிகக் கொஞ்சம். அதே சமயம், அது திராட்சையிலிருந்து வந்த இயற்கையான ஒயினாகவும் கெடாததாகவும் இருக்க வேண்டும் என்று திருச்சபைச் சட்டமே சொல்கிறது. காடியாக மாறியதைப் பயன்படுத்தக் கூடாது. பூசைக்கென விற்கும் ஒயின்களில் பல சற்றுக் கூடுதல் மதுசாரத்தோடு வருவதற்கு இதுவும் ஒரு காரணம்.

"வீணாகுமே" என்ற கவலை

இப்போது முதல் வழிக்கு வருகிறேன், அன்றிரவே குடித்து முடிப்பது. இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டியதே அதுதான். "ரெண்டு பேருக்கும் போதும்னுதான் இருந்துச்சு. மூடி வச்சா கெட்டுடுமேன்னு முடிச்சிட்டோம்" என்று அலுவலகத் தோழி ஒருத்தி திங்கட்கிழமைகளில் அடிக்கடி சொல்வாள். அவள் குடிப்பழக்கம் உள்ளவள் இல்லை. உணவை வீணாக்கக் கூடாது என்று வளர்க்கப்பட்டவள், நம் எல்லோரையும்போல.

வீணாவது கண்ணுக்குத் தெரியும் பணம் என்பதும் உண்மை. சிங்கப்பூரில் ஒயினுக்கு, அதிலுள்ள மதுசாரத்தின் ஒவ்வொரு லிட்டருக்கும் 88 வெள்ளி தீர்வை. 13 விழுக்காடு ஒயின் ஒரு போத்தலில் அது மட்டும் 8 வெள்ளி 58 காசு. அதற்கு மேல் பொருள், சேவை வரி. பாதியைத் தொட்டியில் கொட்ட யாருக்கும் மனம் வராது.

ஆனால் உடலின் கணக்கு வேறு. 100 மில்லிலிட்டர் ஒயின் ஒரு வழக்கமான அளவு. அதில் ஏறத்தாழ 10 கிராம் மதுசாரம் உண்டு. ஒரு போத்தலில் இப்படி ஏழரை அளவு இருக்கிறது. ஒரு நாளில் ஆண்களுக்கு இரண்டு, பெண்களுக்கு ஒன்று என்பதைத் தாண்ட வேண்டாம் என்று சுகாதார மேம்பாட்டு வாரியம் சொல்கிறது. பாதுகாப்பான அளவு என்று எதுவுமே இல்லை என்று உலகச் சுகாதார நிறுவனம் 2023ல் அறிவித்தது. குடிக்காதவர்கள் தொடங்கவே வேண்டியதில்லை. குடிப்பவர்களுக்கோ குறையக் குறைய நல்லது.

கணவனும் மனைவியும் ஒரு போத்தலை முடித்தால் ஆளுக்கு ஏறத்தாழ நான்கு அளவு. பரிந்துரைத்த அளவோடு இருவரும் நிறுத்தினால் செலவாவது 300 மில்லிலிட்டர், மிச்சம் 450. அதாவது, அளவாகக் குடிக்கும் வீட்டில் போத்தலில் பாதிக்கு மேல் மிஞ்சியே தீரும். மிச்சத்தைக் காக்கத் தெரியாத வீடு, அளவைத் தாண்டும் வீடாகிவிடுகிறது.

நண்பர்களோடு கீழே திடலில் உட்கார்ந்து முடித்துவிடலாம் என்றாலும் நடக்காது. 2015 ஏப்ரல் முதல் நடப்பிலுள்ள சட்டப்படி, தீவெங்கும் இரவு 10.30 முதல் காலை 7 மணி வரை பொது இடத்தில் மது அருந்தக் கூடாது. லிட்டில் இந்தியா மதுக் கட்டுப்பாட்டு மண்டலத்தில் சனிக்கிழமை காலை 7 முதல் திங்கட்கிழமை காலை 7 வரை முழுவதுமாகவே தடை. 2013 டிசம்பரில் ரேஸ் கோர்ஸ் சாலையில் நடந்த கலவரத்துக்குப் பிறகு வந்த ஏற்பாடு இது. ஆக, மிச்சம் வீட்டில்தான் இருக்க வேண்டும்.

செய்ய வேண்டியது இவ்வளவுதான்

375 மில்லிலிட்டர் கண்ணாடிப் போத்தல் ஒன்றைத் திருகுமூடியோடு வைத்துக்கொள்ளுங்கள். பாதி அளவு ஒயின் போத்தல் ஒருமுறை வாங்கினால் அதன் காலிப் போத்தலே போதும். வெந்நீரில் கழுவி நன்றாகக் காய வையுங்கள். சோப்பு வாசனை, ஊறுகாய் வாசனை எதுவும் இருக்கக் கூடாது.

பெரிய போத்தலைத் திறந்ததும், முதல் கிளாஸ் ஊற்றுவதற்கு முன்பே, சின்னப் போத்தலைக் கழுத்து வரை நிரப்பி மூடுங்கள். சாப்பிட்டு முடித்தபின் செய்யலாம் என்று விட்டால், மேசையில் கிடக்கும் இரண்டு மணி நேரத்தில் அது காற்றை வாங்கிக்கொள்ளும். போத்தலைச் சாய்த்து, உள்சுவரை ஒட்டி மெதுவாக ஊற்றினால் காற்று குறைவாகக் கலக்கும்.

தேதி எழுதி ஒட்டுங்கள். ஃபிரிட்ஜில் நிமிர்த்தி வையுங்கள். வீட்டில் சிறு பிள்ளைகள் இருந்தால் பழச்சாறு வரிசையில் வைக்காமல், அவர்கள் கைக்கு எட்டாத தட்டில், பெரிய எழுத்தில் பெயர் எழுதி வையுங்கள். ஒளித்து வைப்பதைவிட இது பாதுகாப்பானது. மேசையில் இருக்கும் பெரிய போத்தலிலும் மிச்சம் இருந்தால், அதை மூடி ஃபிரிட்ஜில் வைத்து முதலில் அதைத் தீர்த்துவிடுங்கள்.

அப்படியும் நாள் கடந்துவிட்டதா? மோந்து பாருங்கள். சப்பென்று ஆனது உடலுக்குத் தீங்கு செய்யாது, சுவைதான் போயிருக்கும். ஐஸ் தட்டில் ஊற்றி உறைய வைத்தால், கோழியோ ஆட்டிறைச்சியோ வேகும்போது இரண்டு கட்டி போடலாம். காளான், தக்காளி சமையலுக்கும் ஒத்துவரும். நகப்பூச்சு நீக்கியின் நெடியோ காடி நெடியோ ஏறியிருந்தால் சமையலிலும் சேர்க்க வேண்டாம்.

காடியாகவே ஆக்கிக்கொள்வதும் ஒரு வழி. நெடி ஏறாத பழைய ஒயினில் ஏறத்தாழ அதே அளவு கொதித்து ஆறிய தண்ணீர் கலந்து, கடையில் கிடைக்கும் வடிகட்டாத உயிருள்ள காடி சிறிது சேர்த்து, வாயகன்ற ஜாடியில் ஊற்றித் துணி கட்டி வைத்தால் ஓரிரு மாதத்தில் நல்ல காடி கிடைக்கும். இலங்கைத் தமிழர் வீடுகளில் தென்னங்கள்ளுக் காடிக்கு உள்ள மதிப்பு தெரிந்தவர்களுக்கு இது புதிதல்ல. அலமாரியில் நமக்கு எதிரியாக இருக்கும் அதே 30 டிகிரி, ஜாடிக்கு வந்ததும் துணையாகிவிடும்.

கடைசியாக ஒரு கணக்கு. திறந்ததும் 375 மில்லிலிட்டரை எடுத்து வைத்துவிட்டால் மேசையில் எஞ்சுவதும் 375 தான். இருவருக்குப் பரிந்துரைத்த 300ஐவிட அரைக் கிளாஸ்தான் கூடுதல். அன்றைய அளவு முதல் கிளாஸ் ஊற்றும் முன்பே முடிவாகிவிடுகிறது. மிச்சம் அடுத்த வெள்ளிக்கிழமை வரை காத்திருக்கும்.